காவலூர் டோமுக்குள்ளே: நட்சத்திரம் எண்ணாகும் அந்தக் கணம்!

வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் தாண்டி ஜவ்வாது மலை ஏறினால், சுமார் 700 மீட்டர் உயரத்தில் காவலூர். பெங்களூரு இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் வைணு பாப்பு வானாய்வகம் இங்கேதான் இருக்கிறது. 1986 ஜனவரி 6-ம் தேதி ராஜீவ் காந்தி திறந்துவைத்த 2.34 மீட்டர் தொலைநோக்கியைப் பார்த்து அண்ணாந்து நிற்காதவர் யார்! ஆனால் இன்றைக்கு நாம் அண்ணாந்து பார்க்கப் போவதில்லை. கண்ணாடி குவித்த ஒளி எங்கே போய் விழுகிறதோ, அங்கே நுழையப் போகிறோம். அசல் திருவிழாவே அங்கேதான்!

ஒளி விழுவது சிசிடி என்கிற சிலிக்கான் சில்லின் மேல். 1969-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வில்லார்டு பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் உருவாக்கிய நுட்பம் இது. 2009-ல் இருவருக்கும் நோபல் பரிசைத் தேடித் தந்தது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் சில்லுதான். 2048-க்கு 4096 என்று கட்டம் கட்டியிருந்தால் மொத்தம் 83,88,608 பிக்சல்கள்! ஒளித்துகள் விழ விழ, எலக்ட்ரான்கள் விடுபட்டு அந்தந்தப் பிக்சலில் சேரும். சில்லு சூடாக இருந்தால் ஒளியே இல்லாமல் எலக்ட்ரான்கள் கிளம்பிக் கணக்கைக் கெடுக்கும். அதற்காகத்தான் மைனஸ் 196 டிகிரியில் கொதிக்கும் திரவ நைட்ரஜனை ஊற்றிக் குளிர வைக்கிறார்கள்.

ஷட்டர் மூடியது. இனிதான் வேடிக்கை! கட்டட வேலையில் செங்கல் ஆள் மாற்றி ஆள் கைமாறுகிறதே, அதே மாதிரி ஒவ்வொரு வரிசையின் எலக்ட்ரான்களும் அடுத்த வரிசைக்கு நகரும். ஓரத்து வரிசைக்கு வந்தவை அங்கிருந்து ஒவ்வொரு பிக்சலாக வெளிவாசலுக்கு வரும். வாசலில் ஒரு குட்டி மின்தேக்கி. ஓர் எலக்ட்ரான் வந்தால் அதன் மின்னழுத்தம் சில மைக்ரோவோல்ட்தான் மாறும். அதையும் விடாமல் அளந்தாக வேண்டும்!

எப்படி அளக்கிறார்கள் தெரியுமா? ஒரு பிக்சலுக்கு இரண்டு தடவை! மின்தேக்கியைக் காலி செய்ததும் ஒரு அளவு. எலக்ட்ரான்கள் வந்து சேர்ந்ததும் இன்னொரு அளவு. காலி செய்யும்போது மின்தேக்கி ஒவ்வொரு முறையும் ஒரே நிலைக்கு வருவதில்லை. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துவிட்டால் அந்தத் தடுமாற்றம் போய், நட்சத்திரத்தின் பங்கு மட்டும் கையில் நிற்கும்.

அடுத்து ஏடிசி, அனலாகை டிஜிட்டலாக்கும் சுற்று. 16 பிட் என்றால் 0 முதல் 65,535 வரை படிகள். பிரபலமான ஒரு வகை ஏடிசி வேலை செய்யும் அழகைப் பாருங்கள். உள்ளே வந்த மின்னழுத்தம் 41,000-ஆவது படிக்குச் சமம் என்று வைத்துக்கொள்வோம். 32,768-க்குக் குறையாமல் இருக்கிறதா? ஆம். 49,152-க்கு? இல்லை. 40,960-க்கு? ஆம். இப்படிப் பதினாறே கேள்விகளில் விடை வந்துவிடும்! ஒப்பிட்டுப் பார்க்க ஒவ்வொரு முறையும் ஒரு மின்னழுத்தம் வேண்டுமே, அதைத் தருவது எண்ணை மின்னழுத்தமாக்கும் டிஏசி. ஆமாம், ஏடிசியின் வயிற்றுக்குள் ஒரு டிஏசி!

அவசரப்பட்டால் எல்லாம் கெட்டுவிடும். விநாடிக்கு ஒரு லட்சம் பிக்சல் என்று நிதானமாகப் படித்தால் அந்தச் சில்லு முழுவதையும் படிக்க சுமார் 84 விநாடி ஆகும். இன்னும் வேகமாகப் படிக்கலாம். ஆனால் வேகம் கூடக் கூட இரைச்சலும் கூடும். மங்கலான நட்சத்திரம் அந்த இரைச்சலில் கரைந்தே போய்விடும்.

ஆனால் துளி இரைச்சல் வேண்டும் என்பதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த ரகசியம்! இரைச்சலே இல்லாவிட்டால் இரண்டு படிக்கு நடுவே நிற்கும் அளவு எப்போதும் ஒரே எண்ணாகவே பதிவாகும். கொஞ்சம் அசைந்தால் ஒருமுறை மேல்படி, ஒருமுறை கீழ்படி. பல அளவுகளின் சராசரியில் நடுவில் இருப்பதும் தெரிந்துவிடும். அந்த அசைவு பூஜ்யத்துக்குக் கீழே போய்த் தொலைந்துவிடாமல் இருக்க, எல்லா பிக்சலுக்கும் முன்கூட்டியே ஒரு நிலையான அளவைக் கூட்டிவைக்கிறார்கள். அதுதான் பயாஸ். அது எவ்வளவு என்று பார்க்க, ஷட்டரைத் திறக்காமலே படம் எடுப்பார்கள்!

இந்தக் கண்டிப்பெல்லாம் எதற்கு? 1977 மார்ச் 10-ம் தேதி, இதே காவலூரின் ஒரு மீட்டர் தொலைநோக்கியில் ஜே.சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைப்பதை ஒளிமானியால் அளந்தார்கள். யுரேனஸ் வந்து மறைக்கும் முன்பே ஒளி சில விநாடி சரிந்து மீண்டது. முதலில் புதிய துணைக்கோள் என்று கருதினார்கள். வேறு இடங்களில் எடுத்த அளவுகளோடு சேர்த்துப் பார்த்தபோது, யுரேனஸுக்கு வளையங்கள் இருப்பது உலகத்துக்கே தெரிந்தது!

எலக்ட்ரானிக்ஸ் படிக்கும் பிள்ளைகளே, ஏடிசி என்பது தேர்வுக்கு வரைந்து மதிப்பெண் வாங்கும் படம் மட்டும் அல்ல. ஒரு சின்னச் சரிவைப் பிழை என்று தள்ளிவிடாமல் உண்மையாகப் பதிவு செய்யும் சுற்று எதுவோ, அதுவும் கண்டுபிடிப்பில் பங்காளி. அப்படிப்பட்ட சுற்றை உங்களாலும் கட்ட முடியும்.