வெல்டிங் முடிந்தது; தீப்பொறி அணைந்ததா?



பண்டிகைச் சரக்கு இறங்கும் முன்பே கடையையும் குடோனையும் சரிசெய்து வைப்பது நம் வழக்கம். ஷட்டர் ரிப்பேர், இரும்பு ரேக், மூட்டை தள்ளும் டிராலி என்று ஏதாவது ஒரு வெல்டிங் வேலை வந்துவிடும். முன்பெல்லாம் குச்சி வைத்துப் பற்றவைத்தார்கள். இப்போது சுருளிலிருந்து கம்பி தானாக வந்து உருகும் சி.ஓ.டூ. மிஷின் பல இடங்களில் வந்துவிட்டது. சிங்கிள் ஃபேஸில் ஓடும் சிறிய மிஷினை நம்மவர்களில் சிலர் சொந்தமாகவே வாங்கி வைத்திருக்கிறார்கள். வேலை சுலபம்தான், ஆபத்து மட்டும் குறையவில்லை.

எங்கள் குடோனில் நடந்ததைச் சொல்கிறோம். ஒருநாள் பின்சுவர் ஓரம் ரேக் வேலை நடந்தது. பக்கத்தில் காலிச் சாக்குக் கட்டு கிடந்தது. "அதை நகர்த்தட்டுமா?" என்று வெல்டர் கேட்டார். "நேரமில்லை, அப்படியே முடியுங்கள்" என்றோம். மதியம் ஒரு மணிக்கு வேலை முடிந்தது. கூலியைக் கொடுத்து, பூட்டிக்கொண்டு சாப்பிடப் போனோம். திரும்பி வந்து கதவைத் திறந்தால் கருகல் வாடை! சுவாலை இல்லை, சாக்குக் கட்டின் உள்ளே கனன்றுகொண்டிருந்தது. நாலு வாளித் தண்ணீரில் அடங்கியது. அடுத்த வரிசையில் வற்றல் மிளகாயும் எண்ணெய் டின்களும் இருந்தன. அதே வேலை இரவு கடை அடைக்கும் நேரத்தில் முடிந்திருந்தால் எங்கள் கதை வேறாக இருந்திருக்கும். தவறு வெல்டருடையது அல்ல, எங்களுடையது.

இது சின்னக் கடை விஷயம் என்று நினைத்துவிடக் கூடாது. 1996 ஏப்ரல் 11 அன்று ஜெர்மனியின் டுசல்டார்ஃப் விமான நிலையத்தில், மேலே சாலையில் நடந்த வெல்டிங் வேலையால் கீழே கூரையில் இருந்த தெர்மகோல் போன்ற பொருள் பற்றி, 17 பேர் இறந்தார்கள். 2020 ஏப்ரல் 29 அன்று தென்கொரியாவின் இச்சோன் நகரில் கட்டிக்கொண்டிருந்த ஒரு குடோன் எரிந்து 38 பேர் மாண்டார்கள். அங்கும் காரணம் வெல்டிங் பொறிதான் என்று போலீஸ் விசாரணை கூறியது.

ஆகவே மிஷின் நம்முடையதானாலும் வெளியாளுடையதானாலும், கீழ்க்கண்டவற்றை முதலாளியே நின்று கவனிக்க வேண்டும்.

மின்சாரம்: ஒயர் நுனியைத் தீக்குச்சி வைத்துச் சொருகுவதை அடியோடு தடுக்க வேண்டும். தனி லைன், சரியான பிளக், எம்.சி.பி. அவசியம். ஈரத்தரையில் வேலை கூடாது. எர்த் கிளாம்பை, பெயிண்டைச் சுரண்டிவிட்டு, பற்றவைக்கும் இரும்பிலேயே பக்கத்தில் மாட்ட வேண்டும். தூரத்து ஷட்டரிலோ தண்ணீர்க் குழாயிலோ மாட்டினால் கரண்ட் கண்ட வழியில் ஓடும். எலெக்ட்ரானிக் தராசு, பில் மிஷின் பிளக்குகளையும் கழற்றிவிடுங்கள்.

கம்பி: 0.8 மி.மீ. கம்பிக்கு அதே அளவு ரோலரும் டிப்பும் வேண்டும். ரோலரை அதிகம் இறுக்கினால் கம்பி நசுங்கும், தளர்ந்தால் வழுக்கும். கம்பி கோக்கும்போது டார்ச்சை முகத்துக்கு நேரே பிடிக்கக் கூடாது. சுருளோ டிப்போ மாற்றும் முன் பிளக்கைக் கழற்ற வேண்டும். கேஸோடு ஓடும் சாதாரணக் கம்பிக்கு டார்ச் பிளஸ்ஸிலும் எர்த் மைனஸிலும் இருக்கும். கேஸ் இல்லாத கம்பிக்குப் பெரும்பாலும் இது தலைகீழ். கம்பிச் சுருளின் மேலும் மிஷின் மூடியின் உள்ளேயும் உள்ள அட்டவணையைப் பார்த்து மாட்டுங்கள்.

கேஸ்: சிலிண்டரை நிமிர்த்தித் தூணோடு சங்கிலியால் கட்ட வேண்டும். இணைப்புகளில் சோப்பு நுரை தடவிக் கசிவு பாருங்கள். இந்த அளவுக் கம்பிக்கு நிமிடத்துக்கு 10 முதல் 15 லிட்டர் ஓட்டம் போதும். ஃபேன் காற்று நேரே பட்டால் கேஸ் கலைந்து, பற்றில் ஓட்டை ஓட்டையாக விழும். அப்படிப்பட்ட ரேக்கில் 50 கிலோ சர்க்கரை மூட்டைகளை அடுக்குவது ஆபத்து. இந்த கேஸுக்கு மணம் கிடையாது, காற்றைவிடக் கனமானது, பள்ளத்தில் தங்கும். காற்றோட்டமில்லாத அண்டர்கிரவுண்ட் குடோனில் இந்த வேலையே வேண்டாம்.

ஆட்கள்: வெல்டருக்கு முகமூடி, தோல் கையுறை, முழுக்கைப் பருத்திச் சட்டை, மூடிய செருப்பு வேண்டும். பாலியெஸ்டர் சட்டை உருகித் தோலோடு ஒட்டும். கடைப் பையன்கள் வேடிக்கை பார்ப்பதை அனுமதிக்காதீர்கள். அப்போது ஒன்றும் தெரியாது. இரவில் கண்ணில் மணல் அள்ளிப் போட்டதுபோல எரியும். துத்தநாகம் பூசிய ஷட்டர் தகட்டின் புகை குளிர்க்காய்ச்சல் தரும். பூச்சைச் சுரண்டி, கதவைத் திறந்துவைத்துச் செய்ய வேண்டும். எண்ணெய், மண்ணெண்ணெய் இருந்த காலி டின்னை ஒருபோதும் பற்றவைக்கக் கூடாது. உள்ளே தங்கிய ஆவி வெடிக்கும்.

தீ: பொறி 35 அடி தூரம் வரை ஓடும். அதற்குள் இருக்கும் சாக்கு, அட்டைப்பெட்டி, எண்ணெயை அப்புறப்படுத்துங்கள். நகர்த்த முடியாததைத் தகரத்தால் மூடுங்கள்; தார்ப்பாய் உதவாது. தரை, சுவர் இடுக்குகளை அடைத்துவிடுங்கள். மாவுத் தூசி பறக்கும் இடத்தில், நன்றாகப் பெருக்கித் துடைக்கும் வரை வேலை தொடங்கக் கூடாது. தண்ணீர், மணல் வாளிகளும் பவுடர் தீயணைப்பானும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். மின்சாரம் ஓடும் மிஷின் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று. வேலை முடிந்தபின் ஒரு மணி நேரமாவது ஒருவர் அங்கேயே இருந்து, இண்டு இடுக்கெல்லாம் பார்க்க வேண்டும். வெல்டிங் வேலையைக் காலையிலேயே வைத்துக்கொண்டால் இது சிரமமில்லை. இப்போது எங்கள் குடோனில் இதுதான் சட்டம். கூலியையும் அந்த ஒரு மணி நேரம் கழித்தே கொடுக்கிறோம்; காத்திருக்கும் நேரத்துக்கும் சேர்த்துத்தான். வெல்டருக்கும் வருத்தமில்லை, நமக்கும் இரவில் நிம்மதியான தூக்கம்.

பல ஆண்டு உழைப்பில் சேர்த்த சரக்கு. அதற்காக ஒரு மணி நேரம் காவல் இருப்பது நஷ்டமாகாது.