ஜீன் மேல மட்டும் பழி போடாதீங்க!

மெஸ் சாப்பாடு ஒத்துக்காம ரெண்டு நாள் வயிறு கலக்குறது வேற. மாசக்கணக்கா வயித்துவலி, பேதி, எடை குறையுறது வேற. அது கிரோன் நோயாகவும் இருக்கலாம்.

இந்நோயோடு தொடர்புள்ள முதல் மரபணு 2001-ல் அடையாளம் காணப்பட்டது. 16-ஆம் குரோமோசோமில் இருக்கும் அதன் பெயர் என்.ஓ.டி.2. அது உருவாக்கும் புரதம் ஒரு சென்சார் மாதிரி. பாக்டீரியா செல்சுவரின் துணுக்கைக் கண்டதும் அலாரம் அடிக்கும். சென்சார் பழுதானால் கிருமிகள் தங்கிவிடும்; பிறகு நோயெதிர்ப்பு மண்டலம் பதறிப்போய்க் குடலையே புண்ணாக்கும் என்பது ஒரு விளக்கம்.

அப்போ ஜீன் இருந்தா நோய் நிச்சயமா? இல்லை. ஒரே ஜீன்களோடு பிறந்த இரட்டையரில் ஒருவருக்கு வந்து, மற்றவருக்கு வராமலே போவதுண்டு. 200-க்கும் மேற்பட்ட மரபணு இடங்களுக்கு இதில் பங்கு உண்டு, சிகரெட்டுக்கும் உண்டு. ஜீனை மாத்த முடியாது, சிகரெட்டை விடலாம். மலத்தில் ரத்தம் பார்த்தால் கூச்சப்படாம டாக்டர்கிட்ட சொல்லுங்க.