கொல்லிமலையில் பி.பி.: மலை இறங்கும் முன்பே கவனித்துவிடலாம்

காரவள்ளி அடிவாரத்திலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். செம்மேட்டிலோ வளப்பூர் நாட்டிலோ ஒருவருக்குத் திடீரென்று வாய் கோணி, ஒரு கை தூக்க வராமல் போனால், பெரிய மருத்துவமனைக்கு மலை இறங்கித்தான் போக வேண்டும். மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் அடைத்து வருகிற பக்கவாதத்தில், ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். ஆளைப் பார்த்துப் பதறி, வண்டி பிடித்து, வளைவுகளைத் தாண்டி, ஸ்கேன் எடுத்து முடிப்பதற்குள் அந்த நேரம் கரைந்துவிடும்.

பக்கவாதத்துக்கு முதல் காரணம் உயர் ரத்த அழுத்தம். அதை அடக்கி வைக்க ஸ்கேனும் வேண்டாம், பெரிய ஆஸ்பத்திரியும் வேண்டாம். வீட்டுத் திண்ணையிலேயே செய்ய முடிகிற வேலை அது. மலையில் இருப்பவர்களுக்கு இது இரட்டிப்பு முக்கியம்.

இரண்டு எண்கள் சொல்வது என்ன?

இதயம் சுருங்கி ரத்தத்தைத் தள்ளும்போது குழாய்ச் சுவரில் விழும் அழுத்தம் மேல் எண். இதயம் தளர்ந்து நிரம்பும்போது இருக்கும் அழுத்தம் கீழ் எண். 120/80-ஐ ஒட்டி இருந்தால் நல்லது. வெவ்வேறு நாட்களில் பார்த்தும் மேல் எண் 140-ஐயோ, கீழ் எண் 90-ஐயோ தொட்டால் அது உயர் ரத்த அழுத்தம். இரண்டில் ஒன்று கூடினாலே போதும்.

கூடிய அழுத்தம் பல ஆண்டுகள் தொடர்ந்தால் குழாய்ச் சுவர் தடித்து விறைக்கும். மூளை, இதயம், சிறுநீரகம், கண் ஆகிய நான்கும்தான் அதிகம் அடி வாங்கும். இத்தனைக்கும் உடம்பு ஒன்றும் காட்டிக்கொடுக்காது. தலை சுற்றினால்தான் பி.பி. என்று நினைப்பவர்கள் நிறைய. 170 இருக்கிறவர் காப்பித் தோட்டத்தில் நாள் முழுக்க வேலை செய்துவிட்டு வந்து நன்றாகத் தூங்குவார். அளந்தால் ஒழியத் தெரியாது.

உழைக்கிறவர்களுக்கும் வருமா?

வரும். ‘ஏறி இறங்கி நடக்கிறோம், சாமையும் கேழ்வரகும் சாப்பிட்டு வளர்ந்தோம், எங்களுக்கு ஏது பி.பி.?’ என்று கேட்பது இயல்புதான். ஆனால் தமிழ்நாடு உட்பட ஒன்பது மாநிலங்களில் பழங்குடி மக்களிடம் தேசிய ஊட்டச்சத்துக் கண்காணிப்பு அமைப்பு 2007-08-ல் எடுத்த கணக்கெடுப்பிலேயே, பெரியவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு உயர் ரத்த அழுத்தம் இருந்தது. அவர்களில் பெரும்பாலோருக்கு அது தெரியவே தெரியாது. தமிழ்நாடு முழுவதுக்கும் 2020-ல் எடுத்த ஆய்வில் மூன்றில் ஒருவருக்கு இருந்தது. நடையும் உழைப்பும் காப்புதான், ஆனால் வயது, பரம்பரை, உப்பு, புகையிலை, சாராயம் எல்லாமும் சேர்ந்துதான் எண்ணைத் தீர்மானிக்கின்றன.

அளக்கும் முறை

சோளக்காட்டுச் சந்தையிலிருந்து பலாப்பழம் விற்ற களைப்போடு ஒரு பெரியம்மா மேடேறி வீட்டுக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். சுகாதாரத் தன்னார்வலர் மிஷினோடு காத்திருக்கிறார். மூச்சு வாங்க நின்றபடி கையை நீட்டினால் வரும் எண் அவருடைய உண்மையான எண் ஆகாது. பெரியம்மா முதலில் சிறுநீர் கழித்துவிட்டு வரட்டும். ஐந்து நிமிடம் முதுகைச் சாய்த்து, கால் தரையில் படும்படி உட்காரட்டும். அளப்பதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் காப்பி குடித்திருக்கவோ வெற்றிலைப் புகையிலை போட்டிருக்கவோ கூடாது. கையை மடித்து வைத்த போர்வை மேல், நெஞ்சின் உயரத்துக்கு வைக்க வேண்டும். பட்டையைத் துணி மேல் சுற்றாமல் வெறும் கையில் சுற்ற வேண்டும். மிஷின் ஓடும்போது சந்தையில் விலை எப்படி என்று பேச்சுக் கொடுக்கக் கூடாது, பேசினாலே எண் ஏறும். ஒரு நிமிடம் விட்டு இன்னொரு முறை எடுத்து, இரண்டையும் எழுதிக்கொள்ள வேண்டும்.

உப்புப் பாக்கெட் கணக்கு

ஒருவருக்கு நாளுக்கு 5 கிராம் உப்புக்குள் நிறுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். நாலு பேர் உள்ள வீட்டில் நாளுக்கு 20 கிராம். அப்படியானால் ஒரு கிலோ பாக்கெட் 50 நாள் வர வேண்டும். உங்கள் வீட்டில் எத்தனை நாள் வருகிறது என்று பாக்கெட் மேல் தேதி எழுதிப் பாருங்கள். கருவாடு, ஊறுகாய், அப்பளம், மிக்சர் வழியாக வரும் உப்பு இதற்கு மேல்.

சாமை, தினை நல்ல உணவு, நார்ச்சத்து உள்ளது. ஆனால் மாத்திரைக்குப் பதில் ஆகாது. அரிசியிலும் சாமையிலும் சோடியம் குறைவுதான், அதன் மேல் ஊற்றும் குழம்பில்தான் கூடுகிறது. இந்துப்பும் உப்புதான். கீரையும் வாழைப்பழமும் பொட்டாசியம் தருவதால் பி.பி.க்கு நல்லது, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளட்டும். இருமலுக்கு நாள்கணக்கில் அதிமதுரம் மெல்வதும், மூட்டு வலிக்குக் கடையில் தாமாக வாங்கி விழுங்கும் வலி மாத்திரைகளும் அழுத்தத்தை ஏற்றும்.

எண் இறங்கிவிட்டதே, நிறுத்தலாமா?

இந்தக் கேள்வியில்தான் அதிகம் பேர் வழுக்குகிறார்கள். எண் 130-க்கு வந்தது மாத்திரை வேலை செய்வதால்தான். நிறுத்தினால் சில நாட்களில் பழையபடி ஏறும். அட்டெனலால் போன்ற மாத்திரையைச் சட்டென்று விட்டால் இதயத்துக்கே ஆபத்து. அம்லோடிபினில் சிலருக்குக் கணுக்கால் வீங்கும், எனலாப்ரிலில் வறட்டு இருமல் வரும். அதைச் சொன்னால் மருத்துவர் வேறு மாத்திரைக்கு மாற்றித் தருவார். கர்ப்பம் தரிக்க நினைப்பவர்களும் கர்ப்பிணிகளும் உடனே சொல்லிவிட வேண்டும், சில மாத்திரைகள் குழந்தைக்கு ஆகாது. மேல் எண்ணை 10 அளவு குறைத்தாலே பக்கவாத ஆபத்து ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறையும்.

மாத்திரைக்காக மாதாமாதம் கூலியை விட்டு அலைவது பலரை நிறுத்த வைத்தது. அதற்காகத்தான் 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் தொடங்கியது. பரிசோதனையும் மாத்திரையும் வீட்டுக்கே வருகின்றன, காசு கிடையாது. அறுவடைக்கோ வெளியூருக்கோ போவதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லி மாத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

எப்போது காத்திருக்கக் கூடாது?

முகம் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை கால் மரத்து விழுவது, பேச்சு குழறுவது, நெஞ்சு வலி, மூச்சுத் திணறல். இவற்றில் ஒன்று வந்தாலும் 108-ஐ அழையுங்கள். எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று குறித்துக்கொள்ளுங்கள், மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான். இந்தத் தொந்தரவு எதுவும் இல்லாமல் எண் 180/120-ஐத் தாண்டினால், ஓய்வெடுத்து மறுபடி அளந்து, குறையாவிட்டால் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள்.

முப்பது வயதைத் தாண்டிய ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒரு முறையாவது அளந்துகொள்ள வேண்டும். மிளகு எத்தனை கிலோ, காப்பி என்ன விலைக்குப் போனது என்று குறித்து வைக்கும் அதே காலண்டரில், வீட்டில் உள்ளவர்களின் பி.பி. எண்ணையும் எழுதி வையுங்கள். அடுத்த முறை அளக்க வேண்டிய தேதியைச் சுற்றி ஒரு வட்டம் போடுங்கள்.