ஒரு குளமும் பல வயல்களும்: பழைய கணினிகளை வலைவழி இயக்கும் முறை

இரணைமடுக் குளத்தை அறியாதார் வன்னியில் இலர். அதன் நீரை நம்பி விளையும் வயல்களுக்கெல்லாம் வயலுக்கொரு குளம் எவரும் வெட்டுவதில்லை. குளம் ஒன்று, வாய்க்கால்கள் பல, வயல்களோ மிகப் பல. கணினி உலகிலும் இத்தகைய ஓர் ஏற்பாடு உண்டு. ஆற்றல் மிக்க சேவையகக் கணினி ஒன்றைக் குளமாகவும், வலையமைப்புக் கம்பிகளை வாய்க்கால்களாகவும், எளிய சிறு கணினிகளை வயல்களாகவும் கொண்டால் அந்த ஏற்பாட்டின் இயல்பு விளங்கும்.

அச்சிறு கணினிகளைத் 'தின் கிளையன்ட்' என்பர். முனையக் கணினி என்று நாம் அழைக்கலாம். ஒரு நூலளவே பருமனுள்ள அப்பெட்டிகளுட் பலவற்றில் வன்தட்டு இல்லை. சுழலும் விசிறியும் இல்லை. அவற்றுட் பல 10 முதல் 30 வாற்று மின்சாரத்துடன் அமைவன. வங்கிகளும் அலுவலகங்களும் பயன்படுத்திக் கழித்துவிட்ட இத்தகைய பெட்டிகள் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. பழையன என்பதற்காக அவை பயனற்றன ஆகிவிடுமா? ஆகா என்பதே விடை.

இவ்விடயம் வன்னிக்கு ஏன் முக்கியமானது? 2009ஆம் ஆண்டு மே மாதத்தில் போர் முடிவுற்ற பின்னர், கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களிற் பாடசாலைகள் பல வெறுந்தரையிலிருந்து மீண்டும் எழவேண்டியிருந்தது. 2013ஆம் ஆண்டில் உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு தொடங்கப்பட்டது. கணினியைத் தொட்டுப் பழகாத மாணவன் அத்துறையில் எவ்வாறு முன்னேறுவான்? 2022ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டின்போது இறக்குமதிப் பொருள்களின் விலை எட்டாத உயரத்துக்குச் சென்றதை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். இந்நிலையில், 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவை மைக்ரோசொஃப்ட் நிறுவனம் நிறுத்திக்கொண்டது. புதிய பதிப்பை ஏற்கும் தகுதியில்லாத கணினிகளை எறிந்துவிடுவதா, வேறு வழியில் வாழவைப்பதா என்ற கேள்வி பாடசாலைகளின் வாயிலில் நிற்கின்றது.

பின்லாந்து நாட்டு மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991ஆம் ஆண்டில் வெளியிட்ட கருவைக்கொண்டு வளர்ந்ததே லினக்ஸ் என்னும் பணிசெயல் முறைமை. அதற்கு உரிமக் கட்டணம் இல்லை. 1999ஆம் ஆண்டில் அமெரிக்கராகிய ஜிம் மக்குவிலன் என்பவர், முனையக் கணினிகளை லினக்ஸ் சேவையகத்துடன் இணைக்கும் 'எல்.ரீ.எஸ்.பீ.' என்னும் திட்டத்தைத் தொடங்கினார். நோர்வே நாட்டில் 2001ஆம் ஆண்டில் பிறந்த 'ஸ்கூலேலினக்ஸ்' என்னும் முயற்சி, இம்முறையைப் பாடசாலைகளுக்கென்றே வகுத்தது. எல்.ரீ.எஸ்.பீ. 2019ஆம் ஆண்டில் முற்றிலும் புதிதாக எழுதப்பட்டபோது, அப்பணியை முன்னின்று செய்தவர்கள் கிரேக்க நாட்டுப் பாடசாலைகளோடு தொடர்புடையவர்களே.

இனி, வன்தட்டில்லாத பெட்டி எவ்வாறு உயிர்பெறுகின்றது என்பதைக் காண்போம். அதன் வலையமைப்பு அட்டையில் 'பீ.எக்ஸ்.ஈ.' என்னும் சிறு நிரல் பொதிந்துள்ளது. மின்னாளியை அழுத்தியதும் அந்நிரல், "எனக்கு முகவரி தருவார் யார்?" என்று வலையமைப்பு முழுவதும் கூவுகின்றது. 'டீ.எச்.சீ.பீ.' என்னும் பணியைச் செய்யும் கணினி அதற்கு ஒரு முகவரியைக் கொடுத்து, தொடக்கக் கோப்பின் பெயரையும் அது இருக்குமிடத்தையும் சொல்கின்றது. 'ரீ.எவ்.ரீ.பீ.' என்னும் எளிய முறையால் அக்கோப்பு வந்து சேர்கின்றது. அது லினக்ஸின் கருவை அழைக்கின்றது. கரு எழுந்ததும், சேவையகத்திலுள்ள முறைமை முழுவதையும் வலைவழியே தன்னுடையதுபோற் பயன்படுத்துகின்றது. மாற்றங்கள் தற்காலிக நினைவகத்திலேயே நிற்பதால், நிறுத்தி மீண்டும் இயக்கினால் பெட்டி பழைய தூய நிலைக்குத் திரும்பிவிடும். மாணவரின் கோப்புகளோ சேவையகத்திற் பத்திரமாக இருக்கும்.

நடைமுறையில் எழும் தடைகள் சில. பல ஆண்டு கிடந்த பெட்டியில் 'சீ.ஆர். 2032' என்னும் நாணய வடிவ மின்கலம் பெரும்பாலும் செத்திருக்கும். அதனை முதலில் மாற்றாவிடின், வலைவழித் தொடங்குமாறு இட்ட கட்டளை மின்சாரம் நின்றதும் மறந்துபோகும். திரையில் 'ஈ-61' என்ற பிழை தோன்றினால் கம்பியைச் சோதிக்கவேண்டும். 'ஈ-51' என்றால் முகவரி கொடுப்பார் எவரும் விடையளிக்கவில்லை. 'ஈ-53' என்றால் முகவரி கிடைத்தது. கோப்பின் பெயர் கிடைக்கவில்லை. இணைய இணைப்புப் பெட்டி ஏற்கெனவே முகவரி வழங்கிக்கொண்டிருக்கும்போது சேவையகமும் வழங்க முற்பட்டால் இரண்டும் முரண்படும். 'டி.என்.எஸ்.மாஸ்க்' என்னும் மென்பொருளைத் துணைநிலையில் அமைத்து, முகவரியை அப்பெட்டியும் கோப்பின் பெயரைச் சேவையகமும் கொடுக்கச் செய்வதே தீர்வு.

பெட்டியைத் தெரிவதிலும் விழிப்பு வேண்டும். 2025 ஓகஸ்டில் வெளிவந்த டெபியன் 13, 32 பிற்றுச் செயலிகளுக்குக் கருவையோ நிறுவியையோ தரவில்லை. ஆகையால் 64 பிற்றுச் செயலியும், இயன்றால் இரண்டு கிகாபைற்று நினைவகமும் உள்ள பெட்டிகளே நன்று. அதனினும் குறைந்தவற்றைச் சேவையகத்தின் திரையைக் காட்டும் கண்ணாடியாக மட்டும் பயன்படுத்தலாம். அப்போது வேலை முழுவதையும் சேவையகமே சுமக்கவேண்டியிருக்கும். கம்பியில்லா இணைப்பு இதற்குப் பொருந்தாது. சேவையகத்திற்கும் சுவிச்சுக்கும் இடையே கிகாபிற்று வேகக் கம்பி இன்றியமையாதது.

இம்முறையின் பெருங்குறையையும் மறைத்தல் தகாது. குளம் உடைந்தால் வயல்கள் யாவும் கெடுமன்றோ? சேவையகம் ஒன்று படுத்தால் வகுப்பறை முழுவதும் படுத்துவிடும். மின்வெட்டும் இடியும் மழையும் மலிந்த வன்னியிலே, சேவையகத்துக்கும் சுவிச்சுக்கும் யூ.பீ.எஸ். காவல் வேண்டும். கோப்புகளின் பிரதி ஒன்று வேறிடத்தில் இருத்தல் வேண்டும். இவற்றினும் மேலாக, இதனை அறிந்த ஆசிரியர் ஒருவரேனும் அவர் அருகில் கற்றுக்கொள்ளும் மற்றொருவரேனும் இருத்தல் வேண்டும். அறிந்தவர் இடமாற்றம் பெற்றுச் சென்றதும் கணினி அறை பூட்டப்படுமாயின் எல்லா முயற்சியும் வீணே.

நன்மையோ கண்கூடு. தமிழ் எழுத்துருவையும் ரெங்கநாதன் விசைப்பலகையையும் சேவையகத்தில் ஒருமுறை நிறுவினால் இருபது மாணவரும் அன்றே தமிழில் தட்டலாம். அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடமும், 2021ஆம் ஆண்டில் தனிப் பல்கலைக்கழகமாகிய வவுனியாவும் அண்மையிலேயே உள்ளன. அங்கு பயிலும் இளைஞர் விடுமுறைநாள் ஒன்றிற் கிராமப் பாடசாலைக்குச் சென்று இதனை அமைத்துக்கொடுத்து, அமைத்த முறையைத் தமிழில் எழுதிவைத்தும் வருவாராயின், பிறர் கழித்த பெட்டிகள் வன்னிப் பிள்ளைகளுக்குக் கல்விக் கருவிகளாகும்.