தடித்த காலும் தாய்க்கோழியும்

கோழியின் கால் வீங்கினால் முள் குத்தியிருக்கும், அடிபட்டிருக்கும், சுண்ணாம்புச் சத்து போதவில்லை என்றுதான் முதலில் நினைப்போம். பெரும்பாலும் அதுவே சரியாகவும் இருக்கும். ஆனால் இரண்டு கால்களும் நடுத்தண்டில் தடித்து, தொட்டால் சூடாக இருந்து, விரல்கள் மட்டும் பழைய அளவிலேயே இருந்தால் வேறொரு நோயைச் சந்தேகிக்க வேண்டும். அதன் பெயர் ஆஸ்டியோபெட்ரோசிஸ். இதில் வீங்குவது எலும்பேதான். நோய் முற்றிய கோழி, பூட்ஸ் மாட்டிவிட்டது போல விறைத்து விறைத்து நடக்கும்.

இதற்குக் காரணம் ஏவியன் லூகோசிஸ் வைரஸ். கோழிகளின் இரத்தப் புற்றுநோயைச் செல்கள் நீக்கி வடிகட்டிய சாற்றைக் கொண்டே இன்னொரு கோழிக்கு ஏற்ற முடியும் என்று கோபன்ஹேகனில் எல்லர்மான், பாங்க் என்ற இருவர் 1908-ல் காட்டினார்கள். வைரஸால் புற்றுநோய் வரும் என்பதற்கான தொடக்ககாலச் சான்று அது. அந்த வைரஸ் குடும்பத்தின் சில வகைகள்தான் எலும்பைத் தாக்குகின்றன.

எலும்பு உயிருள்ள திசு. ஒருவகைச் செல்கள் அதைக் கட்டிக்கொண்டே இருக்கும். இன்னொரு வகை கரைத்துக்கொண்டே இருக்கும். மனிதர்களுக்குப் பரம்பரையாக வரும் ‘பளிங்கு எலும்பு’ நோயில் கரைக்கும் செல்கள் பழுதாகிவிடுகின்றன. கோழியில் நடப்பது வேறு. லூகோசிஸ் வைரஸ் ஒரு ரெட்ரோ வைரஸ் என்பதால், தன் மரபுப் பொருளை டிஎன்ஏ-வாக மாற்றிக் கோழியின் டிஎன்ஏ-வுக்குள்ளேயே செருகிவிடுகிறது. எலும்பு கட்டும் செல்களில் அது பெருமளவில் குடியேற, அவை பெருகி, ஓய்வில்லாமல் எலும்பைக் கட்டித் தள்ளுகின்றன. தண்டு வெளிப்பக்கம் பருக்கிறது; உள்பக்கம் மஜ்ஜைக் குழி சுருங்குகிறது, சில நேரம் முழுவதும் அடைபட்டுவிடுகிறது. இரத்தம் ஊற வேண்டிய இடமே பறிபோவதால் கோழி வெளிறி இளைக்கிறது.

நோய் பெரும்பாலும் 8 முதல் 12 வாரத்தில் கண்ணுக்குத் தெரியும். பெட்டையைவிடச் சேவலில்தான் அதிகம். இது நவீனப் பண்ணைகள் கொண்டுவந்த நோய் என்றும் சொல்ல முடியாது. இங்கிலாந்தில் ரோமானியர் காலத்து அகழாய்வுக் குழிகளிலேயே இப்படித் தடித்த கோழி எலும்புகள் கிடைத்திருக்கின்றன.

நோய் பரவும் விதத்தைத்தான் கோழி வளர்ப்போர் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். வைரஸைச் சுமக்கும் பெட்டையின் முட்டைக்குழாயிலிருந்து அது முட்டையின் வெள்ளைக்கருவுக்கு வந்து, கருவுக்குள் நுழைகிறது. அப்படிப் பொரிந்த குஞ்சின் உடல் வைரஸை அந்நியமாகவே கருதுவதில்லை. எதிர்ப்புப் பொருளும் உண்டாவதில்லை. பார்க்க நல்ல கோழியாக வளர்ந்து, முட்டையிட்டு, அடுத்த தலைமுறைக்கும் கடத்துகிறது. எச்சம், எச்சில் வழியாகக் கூடவே பொரிந்த குஞ்சுகளுக்கும் தொற்றுகிறது. சேவலிடமிருந்து முட்டைக்குள் நேரடியாகப் போவதில்லை. ஆனால் பெட்டைக்குத் தொற்றவைக்கச் சேவலால் முடியும். ஆக, நோயைக் காட்டுவது பெரும்பாலும் சேவல், தலைமுறை தாண்டிக் கடத்துவது பெட்டை. கால் தடித்த சேவலை மட்டும் கழித்துவிட்டால் போதும் என்று நினைப்பது அதனால்தான் தவறு.

மருந்து கிடையாது, தடுப்பூசியும் கிடையாது. வெள்ளைக்கழிச்சலுக்குப் போடும் தடுப்பூசி இதற்கு உதவாது. உலகின் பெரிய இனப்பெருக்க நிறுவனங்கள் பல ஆண்டுகளாகத் தாய்க்கோழிகளின் முட்டை வெள்ளைக்கருவைச் சோதித்து, வைரஸ் உள்ளவற்றைக் கழித்தே தங்கள் மந்தைகளைச் சுத்தமாக்கின. நாமக்கல் போன்ற இடங்களின் முட்டைப் பண்ணைகளுக்கு வரும் வணிக இனங்களுக்கு அந்தப் பாதுகாப்பு பெருமளவு உண்டு. சந்தையில் கைமாறி, வீட்டில் அடைவைத்துப் பெருகும் நாட்டுக்கோழிக்கு அப்படிப்பட்ட சோதனை எதுவும் இல்லை. என் கவலையெல்லாம் அங்கேதான். நல்லவேளையாக, இந்த வைரஸ் மனிதர்களுக்கு நோய் உண்டாக்குவதாகச் சான்று இல்லை. கோழியின் உடலுக்கு வெளியே சில மணி நேரத்துக்கு மேல் அது பிழைப்பதும் அரிது.

கால் தடித்த கோழியைக் கண்டால் சுண்ணாம்புச் சத்து டானிக் வாங்கி ஊற்றிக் காத்திருக்காதீர்கள். சத்துக்குறைவில் எலும்பு மிருதுவாகி வளையும். இதில் கெட்டிப்பட்டுத் தடிக்கும். அந்தக் கோழியைத் தனியே பிரித்துக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். அது எந்தப் பெட்டையின் குஞ்சு என்று தெரிந்தால், அந்தப் பெட்டையின் முட்டையை இனி அடைவைக்காதீர்கள், அதன் குஞ்சுகளை அடுத்தவருக்குக் கொடுக்கவும் வேண்டாம்.