தம்பி யாருடைய தம்பி?

மொழியும் அண்டை வீடும் – 9

அசாமிய மொழியில் தம்பிக்கு ‘பாய்’ என்று பெயர். என் தம்பி என்றால் ‘மோர் பாய்’. உன் தம்பி என்றால் ‘தோர் பாயேர்’. கொஞ்சம் மரியாதை கூட்டி உம்முடைய தம்பி என்றால் ‘தோமார் பாயேரா’. அவனுடைய தம்பி ‘தார் பாயேக்’. உன், அவன் என்று முன்னாலேயே சொல்லியாயிற்று. அப்படியும் தம்பி என்ற சொல் சும்மா இருப்பதில்லை. யாருடைய தம்பி என்பதைப் பொறுத்து வால் மாறுகிறது. வீட்டுக்கும் மாட்டுக்கும் இந்த வால் கிடையாது. அப்பா, அம்மா, அண்ணன், தங்கை என்று உறவுமுறைப் பெயர்களுக்கு மட்டும்தான்.

இந்தியில் இப்படி இல்லை. அசாமியத்துக்கு உடன்பிறப்பு போன்ற வங்காளத்தின் பொதுவழக்கிலும் இல்லை. இதே ஏற்பாட்டைப் பார்க்க இமயத்தைத் தாண்டி, அசாமியத்தோடு எந்தக் குடும்ப உறவும் இல்லாத உஸ்பெக் மொழிக்குப் போகலாம். அது துருக்கிய இனத்து மொழி. அங்கே தம்பி ‘உக்கா’. என் தம்பி ‘உக்கம்’, உன் தம்பி ‘உக்கங்’, உங்கள் தம்பி ‘உக்கங்கிஸ்’, அவன் தம்பி ‘உக்கசி’. உஸ்பெக்கில் இந்த விகுதிகள் தம்பியோடு நிற்பதில்லை. புத்தகம், கத்தி, குதிரை எல்லாவற்றோடும் ஒட்டும். துருக்கிய மொழிகளுக்கு அது பரம்பரைச் சொத்து. அசாமியத்துக்கோ ஆரியக் குடும்பத்திலிருந்து இது வந்ததாகத் தெரியவில்லை.

பக்கத்து வீட்டைப் பார்த்தால் ஒரு துப்பு கிடைக்கிறது. அசாமின் போடோ மொழியில் என் அப்பா ‘ஆபா’, உன் அப்பா ‘நம்பா’, அவன் அப்பா ‘பிபா’. அது திபெத்திய-பர்மியக் குடும்பத்து மொழி. பிரம்மபுத்திராவின் கரையில் இரண்டு இனத்தாரும் நூற்றாண்டுக் கணக்காகச் சேர்ந்து பயிர் செய்து, பெண் கொடுத்துப் பெண் எடுத்து வாழ்ந்தவர்கள். அப்படி மருமகளாக வந்தவள் தன் தாய்மொழியின் பழக்கத்தை அசாமிய வீட்டுக்குள் கொண்டுவந்திருப்பாள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. உறவுப் பெயர்களில் மட்டும் இது தங்கியிருப்பதும் அதற்குப் பொருத்தமாகவே இருக்கிறது.

இப்போது எதிர்த் திசையில் பாருங்கள். துருக்கிய மொழிகளுக்குப் பேர்போன அடையாளம் உயிரொலிகளின் ஒத்திசைவு. துருக்கியில் வீடு ‘எவ்’, வீடுகள் ‘எவ்லெர்’. தலை ‘பாஷ்’, தலைகள் ‘பாஷ்லார்’. முன்னால் நிற்கும் உயிர் எதுவோ, அதற்கேற்பப் பன்மை விகுதி லெர், லார் என்று மாறும். உஸ்பெக்கில் ‘உய்லார்’, ‘போஷ்லார்’. எதற்குப் பின்னாலும் ஒரே லார். சமர்கந்து, புகாரா நகரங்களில் துருக்கியும் பாரசீகமும் பேசியவர்கள் ஒரே தெருவில் குடியிருந்து, ஒரே கடைவீதியில் வியாபாரம் செய்ததில் அந்த இசைவு கரைந்துபோனது. கோரெஸ்ம் போன்ற பகுதிகளின் வட்டார வழக்கில்தான் அது இன்னும் உயிரோடு இருக்கிறது.

உஸ்பெக் தொலைத்ததற்கு இணையான ஒன்றை அசாமியம் வைத்திருக்கிறது. அசாமியத்தில் இல்லை என்று சொல்ல வினைக்கு முன்னால் ஒரு நகரம் சேரும். ‘காய்’ என்றால் உண்கிறான். உண்ணவில்லை என்றால் ‘நாகாய்’. ‘தெகே’ என்றால் பார்க்கிறான், மறுத்தால் ‘நெதெகே’. ‘லிகே’, எழுதுகிறான்; ‘நிலிகே’. ‘புஜே’, புரிந்துகொள்கிறான், ‘நுபுஜே’. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். வரப்போகும் உயிரை நகரம் முன்கூட்டியே வாங்கி உடுத்திக்கொள்கிறது. துருக்கியில் முன்னால் நிற்பது பின்னால் வருவதை இழுக்கும். இங்கே பின்னால் வருவது முன்னால் நிற்பதை இழுக்கிறது. திசைதான் வேறு. மொழிக் குடும்பத்தின் மரப்படத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு மொழியின் குணத்தைச் சொல்லிவிட முடியும் என்பவர்களிடம் நான் காட்டுவது இந்த இரண்டு மொழிகளைத்தான்.

ஒலியிலும் ஒரு சந்திப்பு உண்டு. வடமொழியின் சகரங்கள் அசாமியரின் வாயில் பெரும்பாலும் தொண்டையோரம் காற்று உரசும் ஒலியாகிவிடும். ‘அஃது’ என்பதை அழுத்திச் சொன்னால் கிட்டத்தட்ட அந்த இடம் பிடிபடும். ஏழு என்பதற்கான ‘சாத்’ அங்கே ‘ஃகாத்’. ஏறத்தாழ அப்படியே ஒலிக்கும் சொல்லுக்கு உஸ்பெக்கில் கடிதம் என்று பொருள். ரோமன் எழுத்தில் எழுதும்போது இந்த ஒலிக்கு இரு மொழியாரும் எடுத்துக்கொள்ளும் எழுத்து ‘எக்ஸ்’. புத்தகத்துக்கு அசாமியத்தில் ‘கிதாப்’, உஸ்பெக்கில் ‘கிதோப்’. அரபியில் பிறந்து, பாரசீகத்தின் தோளேறி இரு பக்கமும் போன சொல் அது.

எழுத்தின் கதை இரண்டிலுமே வலி மிகுந்தது. 1836-இல் ஆங்கில ஆட்சி அசாமின் நீதிமன்றங்களிலும் பள்ளிகளிலும் வங்காளத்தைக் கொண்டுவந்து வைத்தது. அசாமியம் திரும்பி வர 1873 ஆயிற்று. உஸ்பெக் மொழி அரபி எழுத்திலிருந்து 1920-களின் இறுதியில் லத்தீனுக்கும், 1940-இல் சிரிலிக்குக்கும், 1993-இல் சட்டம் போட்டு மறுபடி லத்தீனுக்கும் மாற்றப்பட்டது. தாத்தா எழுதி வைத்ததைப் பேரன் எழுத்துக்கூட்டக்கூட முடியாத நிலையை ஒரே நூற்றாண்டில் அந்த மக்கள் திரும்பத் திரும்பப் பட்டார்கள்.

மீண்டும் தம்பிக்கே வருகிறேன். உஸ்பெக்கியர் தங்கள் இலக்கியத் தந்தையாகக் கொண்டாடும் அலிஷேர் நவாயி, 1499-இல் துருக்கியையும் பாரசீகத்தையும் ஒப்பிட்டு ஒரு நூல் எழுதினார். தம் மொழியே வளமானது என்பது அவர் வழக்கு. அதற்கு அவர் காட்டிய சான்றுகளில் ஒன்று, அண்ணனுக்கும் தம்பிக்கும் துருக்கியில் தனித்தனிச் சொல் உண்டு, பாரசீகத்தில் இரண்டுக்கும் ஒன்றுதான் என்பது. இதைப் படித்தபோது அவர் நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசுவதுபோல் இருந்தது எனக்கு. (உஸ்பெக்கில் அண்ணன் ‘அக்கா’ என்பதையும் சொல்லிவிட வேண்டும்.)

அசாமியத்தின் வாலும் உஸ்பெக்கின் விகுதியும் நமக்கு அந்நியமா என்றால், இல்லை. சங்கத் தமிழில் என் தந்தை ‘எந்தை’, உன் தந்தை ‘நுந்தை’, அவன் தந்தைதான் ‘தந்தை’. என் தாய் ‘யாய்’, உன் தாய் ‘ஞாய்’. தம்பியும் அப்படியே: எம்பி, நும்பி, தம்பி. முதல் இரண்டும் பேச்சிலிருந்து போய்விட்டன. இன்று நாம் ‘என் தம்பி’ என்கிறோம். அந்தச் சொல்லுக்குள் இருக்கும் ‘தம்’ என்பதற்கு ‘அவர்களுடைய’ என்று பொருள்.