வழுக்கையாற்றிலே தூண்டில்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆறில்லை என்று பள்ளிக்கூடங்களிற் சொல்லிக் கொடுப்பது வழக்கம். மானிப்பாய்ப் பிள்ளைகள் இதை அவ்வளவு எளிதில் ஒப்புக்கொள்வதில்லை. தெல்லிப்பழைப் பக்கத்திலே தொடங்கி, அளவெட்டி, கந்தரோடை, சண்டிலிப்பாய் வழியாக இறங்கி, நவாலியையும் கல்லுண்டாய் வெளியையும் தொட்டு, அராலியிற் கடலேரியைச் சேரும் வழுக்கையாறு அவர்களுக்குத் தெரிந்த ஆறு. கோடையில் அது மாடு மேயும் பள்ளம். ஐப்பசி, கார்த்திகையில் மழை ஊன்றிப் பெய்துவிட்டாலோ, அதைப் பள்ளம் என்று சொல்ல எவருக்கும் மனம் வராது. காவிரிக்குரிய வாழ்த்தை இந்தச் சிற்றாற்றுக்குச் சூட்டி, ‘நடந்தாய் வாழி வழுக்கியாறு’ என்று செங்கை ஆழியான் ஒரு நவீனத்துக்குப் பெயரிட்டது சும்மா அன்று.

ஆறு வந்ததும் மதகுகளிலே தூண்டில்களும் வந்துவிடும். வளையக்கூடிய ஒரு தடி, சிறிது தங்கூசி, ஒரு முள், சிரட்டையிலே மண்புழு, இவ்வளவுதான் முதல். தடி வளைய வேண்டும் என்பது முக்கியம். குறுந்தொகையில் ஒரு புலவர், கவண் ஒலிக்கு அஞ்சிய யானை கைவிட்ட மூங்கில் மேலெழுவதை, மீனைப் பறித்தெழும் தூண்டிலுக்கு ஒப்பிட்டார். அந்த உவமையே அவருக்குப் பெயராகி, மீனெறி தூண்டிலார் என்று இன்றும் வழங்குகிறோம். அவர் கண்ட துள்ளலை நம் மதகுச் சிறுவர்களின் தடியிலும் காணலாம். ஆனால் இவர்கள் கூட்டத்துக்குத் தலைவருமில்லை, சந்தாவுமில்லை, கணக்குமில்லை.

கணக்கு வைக்கும் சங்கங்கள் வேறிடங்களில் உண்டு. நுவரெலியாக் குளிரிலே வெள்ளைக்காரத் தோட்டத்துரைமார் சீமையிலிருந்து ட்ரவுட் மீனின் முட்டைகளைத் தருவித்து ஓடைகளில் வளர்த்தார்கள்; அதன் பொருட்டு 1896 இல் இலங்கை மீன்பிடிச் சங்கம் தோன்றியது. காவிரிக்கரையிலோ மகசீர் என்னும் பெருங்கெண்டைக்காகத் தூண்டில்காரர் கூடினார்கள். 1946 இல் காவிரியின் கிளையாகிய கபினியிலே பிடிபட்ட ஒரு மகசீர் 120 இறாத்தல் நிறை. பின்னாளில், பெங்களூரைச் சேர்ந்த தென்னிந்திய வனவிலங்குச் சங்கம் காவிரியின் ஒரு பகுதியைக் குத்தகைக்கெடுத்துக் காவலாட்களை வைத்தது. வெடி வைத்து மீனைக் கொல்வோர் விரட்டப்பட்டனர். தூண்டிலில் அகப்பட்ட மகசீரை நிறுத்துப் பார்த்து மீண்டும் ஆற்றில் விட்டுவிடுவது அங்கே விதியாயிற்று.

சைவ வீடுகளிலே இந்த இடத்தில் ஒரு கேள்வி எழும் என்பதை அறிவோம். பசிக்காக மீன் பிடிப்பவனை விளங்கிக்கொள்ளலாம். தின்னவும் மாட்டேன், ஆனாலும் முள்ளை மாட்டி இழுப்பேன் என்பவனை என்னென்பது? எமக்கும் இது உவப்பான விளையாட்டன்று. எனினும் அவர்கள் செய்த ஒரு காரியத்தைப் பாராட்டாமல் இருக்கமுடியாது. பிடித்ததை எல்லாம் எழுதி வைத்தார்கள். கலிபோரே என்ற முகாமில் 1998 முதல் 2012 வரை எழுதப்பட்ட ஏடுகளை ஆராய்ச்சியாளர் எடுத்துப் பார்த்தபோது ஓர் உண்மை வெளிப்பட்டது. மகசீர் பெருகுகிறது என்று எல்லோரும் மகிழ்ந்திருந்த காலத்திலே, காவிரிக்கே உரிய திமில் மகசீர் அற்றுக்கொண்டிருந்தது. பெருகியது வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட நீலச்செட்டை மகசீர்! ஆற்றைக் காக்கவென்று நல்ல எண்ணத்தோடு விட்ட குஞ்சுகள் அவை. 2018 இல் திமில் மகசீர் அழிவின் விளிம்பிலுள்ள இனமாக உலகப் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. ஏடுகள் இல்லாதிருந்தால் இவ்வளவும் தெரிந்திருக்குமா?

வழுக்கையாற்றில் மகசீரும் இல்லை, ட்ரவுட்டும் இல்லை. ஆனால் வற்றும் நீருக்கென்றே அமைந்த மீன்கள் நம் நாட்டுக் குளங்களிலும் வாய்க்கால்களிலும் உண்டு. விராலும் பனையேறிக் கெண்டையும் நீருக்குமேல் வாயைத் தூக்கிக் காற்றைச் சுவாசிப்பவை. பனையேறிக் கெண்டை ஈரத் தரையிலே செவுள் மூடிகளை ஊன்றி ஊன்றி ஒரு குளத்தைவிட்டு இன்னொரு குளத்துக்குப் போகும். 1791 இல் தரங்கம்பாடியிலிருந்த டல்டோர்ப் என்ற டேனிஷ்காரர், பனைமரத்திலே நீருக்கு ஐந்தடி மேலே ஏறிக்கொண்டிருந்த ஒன்றைப் பிடித்ததாக எழுதினார். பறவை கவ்விக்கொண்டுபோய் மரத்திலே தவறவிட்டிருக்கும் என்பது பின்வந்தோர் கருத்து. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. இலங்கையில் உயர்பதவி வகித்த எமர்சன் தெனன்ற் 1859 இல் வெளியிட்ட தமது நூலிலே, தரையில் நடக்கும் மீன்களையும், வற்றிய குளத்துச் சேற்றிற் புதைந்திருந்து மழைக்கு எழும் மீன்களையும் பற்றி வியந்து எழுதியிருக்கிறார்.

விராலைப் பற்றி இளைஞர்க்கு ஒரு வார்த்தை. மழை தொடங்கியதும் அது புல்லுக்குள்ளே இடம் ஒதுக்கி முட்டையிடும். செந்நிறக் குஞ்சுகள் திரளாக நீர்மட்டத்துக்கு வரும்போது கீழே தாயோ தந்தையோ காவல் நிற்கும். தூண்டில்காரனுக்கு அதுவே மிக எளிய வேளை. குஞ்சுக் கூட்டத்தின்மேல் எதைப் போட்டாலும் காவல் மீன் கோபத்தோடு பாய்ந்து கவ்வும். அதை எடுத்துவிட்டால் குஞ்சுகள் மற்ற மீன்களுக்கு இரையாகும். பெருக்கக் காலத்தில் மீன்பிடிக்கத் தடைவிதிப்பது பிற நாட்டுச் சங்கங்களின் வழக்கம். எமக்கோ ஆறு ஓடுவதே அந்தக் காலத்தில்தான். ஆகவே தடை முழுவதும் செல்லாது. செங்குஞ்சுத் திரளைக் கண்டால் தடியைச் சுருட்டிக்கொண்டு அடுத்த மதகுக்குப் போய்விடுவது செல்லும்.

இம்மீன்களுக்கு வேண்டியது ஆழமுமன்று, ஆண்டு முழுவதும் நீருமன்று. ஆறு குளத்தோடும், குளம் வயலோடும் சில வாரங்களாவது தொடுத்திருக்க வேண்டும். அந்தத் தொடுப்பைத்தான் நாம் பொலித்தீன் பைகளாலும், வாய்க்காலை மூடி எழுப்பும் மதில்களாலும் அறுத்துவருகிறோம். மதகு அடைபட்டால் மீன் மட்டுமன்று, கிணறும் பாதிக்கப்படும். சுண்ணக்கல்லுக்குள்ளே மழைநீர் இறங்கித்தான் நம் கிணறுகளில் நன்னீர் நிற்கிறது. அராலியிலே உப்புநீர் ஏறாமற் தடுக்க அணை கட்டியிருக்கிறோம். மேலிருந்து வரவேண்டிய நன்னீரின் வழியை நாமே குப்பையால் அடைப்பது எந்த நியாயம்?

இன்னொன்று, 1952 இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியா இன்று எங்கும் பரவிவிட்டது. அது பலருக்கு மலிவான உணவு, அதைக் குறைகூறவில்லை. ஆனால் கண்ணாடித் தொட்டியிலே அலுத்துப்போன மீன்களை ஆற்றிலே கொட்டும் பழக்கத்தைப் பெற்றோர் தடுக்க வேண்டும்.

வரும் மாரிக்கு மாணவர் சிலர் கூடி ஒரு நாற்பது பக்கக் கொப்பியைத் தொடங்கலாம். எந்தத் தேதியில் எந்த மதகில் முதல் நீர் வந்தது, என்ன மீன், எத்தனை விரற்கடை நீளம், செங்குஞ்சுத் திரள் எங்கே தெரிந்தது, எந்த மதகு குப்பையால் அடைபட்டிருந்தது, தை மாதத்தில் எந்தக் குளம் கடைசியாக வற்றியது என்று எழுதிவரலாம். தூண்டில் கட்டாயமன்று, மதகிலே தடியோடு நிற்கும் தம்பியிடம் கேட்டாலே பாதிக்குமேல் தெரிந்துவிடும். விலாங்கு அகப்பட்டதாக அவன் சொன்னால் மட்டும் நேரிற் பார்த்துவிட்டு எழுதுக; தண்ணீர்ப் பாம்பையும் அப்படிச் சொல்லுகிறவர்கள் உண்டு.